பேச்சைப் பேச்சாகக் கேட்க: மாணவர் மொழியாய்வைத் திட்டமிடுவது பற்றி

(முதுகலைத் தமிழ், மொழியியல் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னும் சில வாரங்களில் நீங்கள் ஒவ்வொருவரும் ஆய்வுத் தலைப்பைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரிதாக மதிக்கிறேன். இலக்கிய ஆய்வைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதற்கு வேறு ஒழுங்கு உண்டு. மக்கள் பேசும் மொழியை ஆராய விரும்பும் மாணவர் தன் ஆய்வை எப்படித் திட்டமிடுவது, திட்டமிட்டதை எப்படி நடத்தி முடிப்பது என்பதுதான் என் பேச்சு.

ஆய்வேடுகளை மதிப்பிடுகிறவர்களுக்கு நன்கு பழகிய ஒரு தலைப்பு வடிவம் இருக்கிறது. ‘இன்ன மாவட்ட வட்டார வழக்கு – ஓர் ஆய்வு.’ முதல் இயலில் மாவட்டத்தின் பெயர்க்காரணம், ஆறுகள், கோயில்கள், விளைபொருள்கள். இரண்டாம் இயலில் மொழி என்றால் என்ன, கிளைமொழி என்றால் என்ன என்று அறிஞர்கள் தந்த வரையறைகள். மூன்றாம் இயலில்தான் மக்கள் வாயைத் திறக்கிறார்கள். அதுவும் ஒரு சொற்பட்டியலாக. அந்தச் சொல்லைச் சொன்னது யார், அவருக்கு வயது என்ன, யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார் என்ற செய்தி எதுவும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

இதை மாணவர்களின் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் அலைந்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். குறை தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மாவட்டம் என்பது ஆட்சி நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு. பேச்சு அந்தக் கோட்டில் வந்து நிற்பதில்லை. ஒரு மாவட்டத்தின் பேச்சு முழுவதையும் ஒரே பருவத்தில் ஒரே ஆளால் ஆராய்ந்துவிடவும் முடியாது. அதைவிட முக்கியம், அந்தத் தலைப்பில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாத ஆய்வில் எது தரவு, எது தரவு இல்லை என்று தெரியாது. கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டியதாகிவிடும்.

கேள்வி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மரம் என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது மரத்துக்கு, மரத்தில் என்று ஆகிறது. பணம், பழம், குளம் எல்லாம் அப்படியே. ‘அம்’ என்று முடியும் பெயர் ‘அத்து’ச் சாரியை பெறும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்திலிருந்து வந்து பேச்சில் கலந்துவிட்ட சொற்கள் என்ன செய்கின்றன? ஸ்டேடியம் என்பதை ஸ்டேடியத்துக்கு என்கிறோம். யாரும் தயங்குவதில்லை. ரூம் என்பது ரூமுக்கு, எக்ஸாம் என்பது எக்ஸாமுக்கு. அவை ‘அம்’ என்ற குறில் ஒலியில் முடியவில்லை என்பதால் அதிலும் வியப்பில்லை. ஆனால் சிஸ்டம்? ‘சிஸ்டத்துல ஏத்திட்டேன்’ என்பவரும் உண்டு, ‘சிஸ்டம்ல ஏத்திட்டேன்’ என்பவரும் உண்டு. ஆல்பம், ஐட்டம் இவற்றிலும் அதே ஊசலாட்டம் காதில் விழுகிறது.

யார் எதைச் சொல்கிறார்கள்? ஆங்கிலவழியில் படித்தவர்கள் ‘சிஸ்டம்ல’ பக்கம் போகிறார்களா? சொல் வந்து சேர்ந்து நாளாக ஆக ‘அத்து’ ஒட்டிக்கொள்கிறதா? ஒரே ஆள் அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் சொல்கிறாரா? பாருங்கள், மூன்று சொற்களை வைத்துக்கொண்டு தமிழ் இலக்கணத்தின் ஒரு விதி இன்றைக்கும் உயிரோடு வேலை செய்கிறதா என்று சோதித்துவிடலாம். இதற்கு மாவட்ட வரலாறு தேவையில்லை. ஒரு கல்லூரி வளாகமும் அதைச் சுற்றியுள்ள கடைகளும் போதும். இந்தக் கேள்விக்கு இன்னொரு சிறப்பு, நீங்கள் எதிர்பார்த்தது பொய்யாகப் போகலாம். ஆங்கிலவழி, தமிழ்வழி வேறுபாடே இல்லை என்று முடிவு வரலாம். எந்த முடிவு வந்தாலும் பொய்யாக முடியாத கருத்தை வைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறவர் புதிதாக எதையும் கற்று வருவதில்லை.

மாணவர் செய்கிற ஆய்வுதானே, அதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சமூக மொழியியல் என்ற துறைக்கே அடித்தளம் இட்ட ஆய்வுகளில் ஒன்று முதுகலை மாணவர் ஒருவர் எழுதியதுதான். வில்லியம் லபோவ் முதலில் அச்சுமை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்தவர். முப்பது வயது தாண்டிய பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூரியல் வைன்ரைக்கிடம் மாணவராகச் சேர்ந்தார். 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவுக்குப் போனார். அப்போது அங்கே நிலையாக வாழ்ந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. கோடைக்காலத்தில் வந்து இறங்கும் விருந்தாளிகள் அதைப் போலப் பல மடங்கு. அங்கே அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது இரண்டே ஒலிகள். ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வரும் ஈருயிர் வாயின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது மட்டுமே கேள்வி. நேர்காணல்கள் 69.

அந்தச் சிறிய கேள்வி அவரை எங்கே கொண்டுபோயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டியது. பழைய உச்சரிப்பு காலப்போக்கில் மங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே அது வலுத்துக்கொண்டிருந்தது. மிக முதியவர்களைவிட முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களிடம் அது கூடுதலாகக் கேட்டது. தீவைவிட்டுப் போக விரும்பாதவர்கள், வெளியாட்கள் வந்து நிலத்தை வாங்கிக் குவிப்பதை வெறுத்தவர்கள், சில்மார்க் பகுதி மீனவர்கள் ஆகியோரிடம் அது மிகுந்து நின்றது. ‘நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள்’ என்பதை அவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஓர் உயிரொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரை 1963இல் வெளியாயிற்று. இன்றும் உலகமெங்கும் பாடமாக இருக்கிறது.

ஒலி வலுத்துவருகிறது என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? 1933இல் நியூ இங்கிலாந்து மொழி வரைபடத் திட்டத்துக்காக அதே தீவில் சிலருடைய பேச்சை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய குறிப்பு ஒப்பிடக் கிடைத்தது. நம்மிடமும் அப்படிப்பட்ட பழைய பதிவுகள் இருக்கின்றன, நாம்தான் அவற்றைத் தேடிப் பயன்படுத்துவதில்லை. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியை எழுத்தாளர்கள் தங்கள் காதை மட்டும் நம்பிச் செய்து வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இங்கே இருந்தால் அவருக்குச் சொல்கிறேன்: கரிசல் அகராதியிலிருந்து உழவு, கால்நடை, சமையல் என்று ஏதாவது ஒரு துறைச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கி. ராஜநாராயணனின் ஊரான இடைசெவலைச் சுற்றியுள்ள ஒரே ஊரில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் அந்தச் சொற்கள் தெரியுமா, தெரிந்தாலும் வாயில் வருகிறதா என்று பாருங்கள். எந்தச் சொல் கருவியோடு சேர்ந்து மறைந்தது, எந்தச் சொல் கருவி மறைந்த பிறகும் திட்டுவதற்கோ கேலிக்கோ பிழைத்திருக்கிறது என்பது தெரியவரும். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்த, பயன் மிகுந்த ஆய்வு இல்லை.

முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. பறவை போன்ற ஓர் உருவத்தை வரைந்து, நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காட்டினார். ‘இது ஒரு வக்’ என்றார். பிறகு இரண்டு உருவங்களைக் காட்டி, ‘இப்போது இங்கே இரண்டு...’ என்று நிறுத்தினார். குழந்தைகள் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. யாரிடமிருந்தும் அதை அவர்கள் கேட்டிருக்க முடியாது. ஆகவே குழந்தை மனப்பாடம் செய்து பேசுவதில்லை, விதியை உள்வாங்கிப் பேசுகிறது என்பது நிலைநாட்டப்பட்டது. சில படங்களும் ஒரு நல்ல கேள்வியும்தான் முதலீடு.

தமிழில் இதைச் செய்துபார்க்கும் மாணவருக்குப் பன்மை பயன்படாது. ‘ரெண்டு மாடு’, ‘நாலு மரம்’ என்றுதான் நாம் பேசுகிறோம். ‘கள்’ பேச்சில் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. சற்று முன் சொன்ன ‘அத்து’ சரியாகப் பொருந்தும். ‘டோலம்’ என்று இல்லாத பொருள் ஒன்றை வரையுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாயை வரைந்து, ‘நாய் எதுக்கு முன்னாடி நிக்குது?’ என்று கேளுங்கள். குழந்தை ‘டோலத்துக்கு முன்னாடி’ என்கிறதா, ‘டோலமுக்கு’ என்கிறதா? எந்த வயதில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது? பிறர் கருவியை இரவல் வாங்கலாம், நம் மொழிக்கேற்ப அதை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

நம் மொழிக்கேற்ப என்னும்போது, தமிழ்ப் பேச்சை ஆராய்கிறவருக்கு எதிரே வந்து நிற்கும் பெரிய தடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பேச்சின் மையம் இதுதான்.

நமக்கு எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. ஒரு மாணவர் வினாநிரலோடு உழவர் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். ‘தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் வேளாண் கருவிகள் யாவை?’ என்று வாசிக்கிறார். எதிரில் இருக்கும் பெரியவர் வேட்டியைச் சரிசெய்து கொள்கிறார். ‘ஏர், மண்வெட்டி, அரிவாள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம்’ என்கிறார். வீட்டுக்குள் திரும்பி, ‘ஏப்பா, அந்த மம்பட்டிய எங்க வச்ச?’ என்று கேட்கிறார். மாணவர் முதல் வாக்கியத்தை எழுதிக்கொள்கிறார். இரண்டாவது அவர் குறிப்பேட்டில் ஏறவில்லை. எழுத்துத் தமிழில் கேட்டால் எழுத்துத் தமிழில்தான் பதில் வரும். பெரியவர் நம்மை ஏமாற்றவில்லை. கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைக்கு மரியாதை கொடுத்து, தனக்குத் தெரிந்ததில் நல்ல தமிழைத் தருகிறார்.

இந்தச் சிக்கல் பழையது. ஜார்ஜ் கிரியர்சன் தலைமையில் 1894இல் தொடங்கி 1928இல் முடிந்த இந்திய மொழிகளின் அளவாய்வு எவ்வளவு பெரிய பணி என்பது உங்களுக்குத் தெரியும். சென்னை மாகாணம் அதன் நேரடிக் கணக்கெடுப்புக்குள் வரவில்லை. அது நமக்கு ஓர் இழப்பு. அந்த அளவாய்வு ஒவ்வொரு மொழிக்கும் மாதிரி திரட்டிய முறைகளில் ஒன்று, விவிலியத்தில் வரும் ஊதாரி மகன் கதையை அந்தந்த வழக்கில் மொழிபெயர்க்கச் சொல்வது. ஒரே கதை என்பதால் மொழிகளை ஒப்பிட வசதி உண்டு. ஆனால் மொழிபெயர்க்க உட்காரும் மனிதர் பேசுவதில்லை, இயற்றுகிறார். கிளைமொழிக்குள் ஏட்டு நடை கலந்துவிடும். மொழிபெயர்ப்பால் திரட்டும் எந்தத் தரவையும் நான் இந்த எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

‘நீங்க வாழப்பழம்னு சொல்வீங்களா, வாளப்பளம்னு சொல்வீங்களா?’ என்று நேரே கேட்பதும் பயனற்றது. மதுரைக்காரரும் சென்னைக்காரரும் முதலாவதைத்தான் சொல்வதாகச் சொல்வார்கள். அவர்கள் மனத்தில் தாங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தான் எப்படிப் பேசுகிறோம் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் ஒலிப்பதிவு வேண்டும்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டாலும் பேச்சு விறைத்துப் போகும். யாரும் கவனிக்காதபோது ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கவனித்தாலே பேச்சு மாறுகிறது. லபோவ் இந்த முரண்பாட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தார். செத்துப்போய்விடுவோம் என்று நினைத்த கணம் உண்டா என்று கேட்பார். கதை சொல்லத் தொடங்கியவர் கருவியை மறந்துவிடுவார். காவிரிப் படுகையில் 2018ஆம் ஆண்டின் கஜா புயல் இரவைப் பற்றிக் கேட்டால் எவரும் இலக்கணத் தமிழில் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த இரவில் தென்னந்தோப்பு முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. நமக்கு ஒரு ழகரம் வேண்டும் என்பதற்காக ஒருவருடைய துயரத்தைக் கிளறிவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. அவரே சொல்ல முன்வந்தால் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகும் உட்கார்ந்திருங்கள்.

அதைவிட நல்ல வழி, நீங்கள் பேசாமல் இருப்பது. அக்காள் தங்கை இருவரையோ, பக்கத்துப் பக்கத்துத் திண்ணைக்காரர் இருவரையோ ஒன்றாக உட்கார வைத்தால் அவர்கள் உங்களிடம் பேசமாட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். முதல் கால் மணி நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உங்கள் சொந்த ஊரையே, சொந்தத் தெருவையே களமாக எடுத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். அப்பத்தாவிடமோ அம்முச்சியிடமோ ஆச்சியிடமோ நீங்கள் போய் உட்கார்ந்தால் வெளியூர்ப் பேராசிரியருக்கு ஒருநாளும் கிடைக்காத பேச்சு கிடைக்கும். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதோ பேசுகிற பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். உங்கள் சமையலறையில் எந்த மொழி எந்த வேலைக்குப் பேசப்படுகிறது, தம்பி பாட்டிக்கு எந்த மொழியில் பதில் சொல்கிறான் என்பதை வெளியிலிருந்து ஒருவர் வந்து எழுதிவிட முடியாது.

திட்டம் என்பதற்கு வருவோம். லபோவின் இன்னோர் ஆய்வு மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. 1962இல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகள்: பணக்காரர் போகும் சாக்ஸ், நடுத்தரத்தார் போகும் மேசிஸ், மலிவு விலைக் கடையான எஸ். கிளைன். நாலாவது மாடியில் கிடைக்கும் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, அது எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்பார். அவர் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்பார். காதில் விழாததுபோல மறுபடி கேட்பார். அவர் அழுத்தித் திருத்திச் சொல்வார். இரண்டு சொற்களிலும் ரகரம் ஒலிக்கிறதா என்று சற்றுத் தள்ளிப் போய்க் குறித்துக்கொள்வார். ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக 264 பேரிடம் கேட்டுவிட்டார். ரகரத்தை ஓரிடத்திலாவது ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 விழுக்காடு, மேசிஸில் 51, கிளைனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இதை அப்படியே சென்னை தியாகராய நகரில் செய்துபார்க்கலாமே என்று தோன்றும். அழகாகப் பொருந்துகிறது. பலமாடி ஜவுளிக்கடையின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, தரைத்தளத்தில் உள்ள ஒரு பிரிவு எங்கே என்று கேளுங்கள். ‘கீழ’ என்பதுதான் பதில். ழகரம் அங்கே ழகரமாக வரலாம். தென்மாவட்டத்தாரிடம் ‘கீள’ என்றாகலாம். சென்னைப் பேச்சில் ‘கீய’ என்று ஆகலாம். ‘எங்க?’ என்று மறுபடி கேட்டால் அழுத்தமான வடிவம் வந்துவிடும். கேள்வி கேட்பவர் ழகரத்தை உச்சரிக்கவே வேண்டியதில்லை என்பதால் பதில் நம் பக்கம் சாயாது.

ஆனால் களத்தை அறிந்தவருக்கு உடனே ஓர் ஐயம் எழும். அந்தக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் யார்? பெரும்பகுதி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கடைக்காரர்கள் ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கி வேலை பார்ப்பவர்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் அவர்கள் வாழ்க்கையைத்தான் காட்டியது. அங்கே ‘கீள’ என்று கேட்டால் அது கடையின் தரத்தைக் காட்டவில்லை, பேசுபவரின் ஊரைக் காட்டுகிறது. நியூயார்க் ஆய்வின் அடிப்படையே, விற்பனையாளர் வாடிக்கையாளரின் மேட்டிமையைத் தன் பேச்சில் ஏற்றிக்கொள்கிறார் என்பதுதான். நம் ஊர் ஜவுளிக்கடைக்கு அது பொருந்துமா என்பதே தனி ஆய்வுக்குரியது. நெல்லையிலிருந்து வந்து ஐந்தாண்டு ஆன பெண்ணும் ஐந்து மாதம் ஆன பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறார்களா? சென்னை அவர்கள் நாவை மாற்றுகிறதா? இப்போது கேள்வி இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஊரையும் ஆண்டையும் கேட்க வேண்டும். பெயரற்ற விரைவு ஆய்வாக இனிச் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் நாள் முழுவதும் நின்றபடி, கண்காணிப்பாளர் பார்வையில், கேமராவின் கீழ் வேலை செய்கிறார்கள். வாங்காத ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே கேள்வியைக் கேட்டால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடும். நமக்குத் தரவு தருகிறவருக்கு நம்மால் ஒரு வசவுகூட விழக் கூடாது. ஆகவே கடைக்குள் செய்யாமல், விடுமுறை நேரத்தில் வெளியே, அவர்கள் ஒப்புதலோடு பேசுவதே சரி என்று நான் முடிவு சொல்வேன். முன்னோட்ட ஆய்வு எதற்கு என்று கேட்கிறீர்களே, இதற்குத்தான். நாலைந்து பேரிடம் முதலில் பேசிப் பார்த்தாலே திட்டத்தில் எது நிற்கும், எது சரியும் என்று தெரிந்துவிடும். முன்னோட்டத்துக்குப் பிறகு தலைப்பை மாற்றினால் நெறியாளர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சுகிறீர்கள். நெறியாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழவே சொல்கிறேன், அந்த மாற்றத்தை அனுமதியுங்கள்.

சாதியைப் பற்றியும் பேச வேண்டும். 1960களில் தமிழ்க் கிளைமொழிகளை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் பேசுவோரைச் சாதி வாரியாகவே பிரித்தார்கள். வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் பிராமணர், பிராமணர் அல்லாதார் பேச்சை ஒப்பிட்டு, மொழி மாற்றம் எந்த வழியில் நடக்கிறது என்று எழுதியது முக்கியமான கட்டுரை. அன்றைய சமூகத்தை அறிய அவை வேண்டும். இன்று ஒரு தெருவுக்குப் போய் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்பது ஆய்வுக்கும் நல்லதில்லை, மனிதருக்கும் நல்லதில்லை. கல்வி, தொழில், குடிபெயர்வு, பள்ளி விடுதி வாழ்க்கை என்று எத்தனையோ காரணங்கள் பேச்சை மாற்றியிருக்கின்றன. அவற்றையெல்லாம் கேட்காமல் ஒரு சொல்லை ஒரு சாதியின் சொல் என்று எழுதிவிட்டால் அந்த முத்திரை நூலகத்தில் நெடுங்காலம் இருக்கும். சாதி உங்கள் கேள்விக்கு உண்மையாகவே தேவை என்றால் ஏன் தேவை என்று முதலில் எழுதிக் காட்டுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இப்போது சிரமம் இல்லை. கைப்பேசி போதும். அழைப்பு வராதபடி வைத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியின் கீழ் உட்காராதீர்கள், ஒலியைச் சுருக்காத வடிவத்தில் சேமியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட் என்ற மென்பொருள் ஒலியைப் படமாக்கிக் காட்டும்; நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான், ஒலியையும் எழுத்தையும் வரிக்கு வரி இணைத்து வைக்கும். இரண்டும் இலவசம்.

நேரம் விழுங்குவது பெயர்த்தெழுதும் வேலைதான். ஒரு மணி நேரப் பேச்சை நுணுக்கமாக எழுத ஒரு முழு நாள் போதாது. ஆகவே எவ்வளவு பதிவு செய்வது என்பதைக் காலைக் கொண்டு அளக்காமல், எழுதப்போகும் கையைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். நம் எழுத்து பேச்சொலிகள் எல்லாவற்றையும் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘அவன் வந்தான்’ என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி னகரம் தனி ஒலியாக வராமல் உயிரோடு கரைந்து மூக்கொலியாகிவிடுகிறது. பாட்டு என்பதிலும் பஸ் என்பதிலும் ஒரே பகரத்தைத்தான் எழுதுகிறோம், ஒலி வேறு. உங்கள் கேள்விக்கு இந்த வேறுபாடுகள் தேவையென்றால் பன்னாட்டு ஒலியெழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் தமிழெழுத்திலேயே எழுதலாம். எதுவானாலும் தொடங்கும் முன் முடிவு செய்து முதல் பக்கத்தில் அறிவித்துவிடுங்கள். பெயர்த்தெழுதும்போது ஒருபோதும் திருத்தாதீர்கள். தமிழ் படித்த நம் கை ‘வந்துக்கினு’ என்பதை ‘வந்துகொண்டு’ என்று தானாகவே எழுதிவிடும். அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

கிளைமொழியை எழுதுவது தமிழுக்குக் குறைவு என்று எண்ணும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல் வகைகளில் ஒன்றாகவே வைத்தார். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று உரையாசிரியர்கள் இடம் குறித்து எழுதி வைத்தார்கள். இந்தப் பணி நம் மரபுக்குள்ளேயே இருக்கிறது.

எண்ணிக்கையில் ஒரு நேர்மை வேண்டும். ஐந்து பேரைக் கேட்டுவிட்டு ‘60 விழுக்காட்டினர்’ என்று எழுதக் கூடாது. மூன்று பேர் என்று எழுதுங்கள். வாயாடியான ஒருவர் நீங்கள் ஆராயும் சொல்லை நாற்பது முறை சொல்லியிருப்பார், கூச்சமுள்ள ஒருவர் இரண்டு முறை. இருவரையும் ஒன்றாகக் கூட்டினால் முதலாமவருடைய பேச்சே ஊரின் பேச்சாகிவிடும். ஆள்வாரியாகக் கணக்கெடுங்கள். உங்கள் எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத எடுத்துக்காட்டுகளுக்கு ஆய்வேட்டில் தனியாக ஒரு பகுதி ஒதுக்குங்கள். வாய்மொழித் தேர்வில் நான் முதலில் திறந்து படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது மாணவர்களுக்கும் துறைக்கும் சேர்த்து. பட்டம் பெற்றதும் ஆய்வேடு அலமாரிக்குப் போகிறது. ஒலிப்பதிவு மாணவரின் பழைய கைப்பேசியோடு போய்விடுகிறது. ஆய்வேட்டின் முடிவைவிட அந்த ஒலிப்பதிவு விலைமதிப்புள்ளது. லபோவுக்கு 1933ஆம் ஆண்டின் குறிப்புகள் உதவியதைப்போல, ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஒருவருக்கு இன்று நீங்கள் பதிவு செய்த பேச்சு உதவும். பேசியவரின் ஒப்புதலைப் பெற்று, பெயரை நீக்கி, வயது, பிறந்த ஊர், வளர்ந்த ஊர், படிப்பு, பதிவின்போது உடனிருந்தவர் யார் என்ற விவரங்களோடு ஒவ்வொரு பதிவையும் துறையில் ஒப்படையுங்கள். அதற்கென ஒரு வன்தட்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஒருவரும் இருந்தால் போதும். அதன் நகல் ஒன்றைப் பேசியவர் வீட்டுக்கும் கொடுங்கள். அவர்கள் தந்த பேச்சு அவர்களுடையது. இந்த ஆண்டு ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர்களிடமிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்று துறைத்தலைவரை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.